செம்பருத்தியின் முக்காடு

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, வாசலில் பத்து வருஷம் நின்ற செம்பருத்தியைக் கொல்லையில் பெயர்த்து நட்டார்கள். பாதிக் கிளைகளை வெட்டி, மொட்டுகளைக் கிள்ளி, வெயில் படாமல் ஒரு பழைய புடவையைச் சுற்றிக் கட்டினார்கள். இலைக்கடியில் ஒரே ஒரு மொட்டு தப்பியது.

"என்ன வாசல்காரி, முக்காடு போட்டாச்சா?" என்று சிரித்தது பக்கத்துக் குரோட்டன்ஸ்.

செம்பருத்தி குன்றிப்போனது. "தள்ளிக்கோ," என்றது புடவையிடம். "ஒரு பூவாவது காட்டணும்."

"இப்ப வேண்டாம்மா. முதல்ல வேர் பிடிக்கட்டும்."

"கந்தலுக்கு என்ன தெரியும்?"

மறுநாள் காற்று அடித்தபோது, செம்பருத்தி வெட்டுப்பட்ட கிளை நுனியால் புடவையைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பூத்தது. குரோட்டன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் பூ சுருண்டது. காலடி ஈரமாகத்தான் இருந்தது. உறிஞ்ச வேருக்குத் தெம்பில்லை. இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

புடவை மெல்ல அசைந்து, கிழியாத பக்கத்தை வெயிலுக்குத் திருப்பியது. "இன்னும் எரியுதா?" என்று கேட்டது.

செம்பருத்தியால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "ரொம்பக் கிழிச்சுட்டேனா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டது.

"இல்லம்மா. அது முன்னாடியே இருந்த கிழிசல்," என்றது புடவை.