சாராளின் சிரிப்பு எங்கே போச்சு?

"கண்ணை மூடிக்கோங்க. வயித்து மேல தலைகாணியை வச்சு லேசா அணைச்சுக்கோங்க. மூச்சை மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க. தோள், கை, கால் எல்லாத்தையும் தளர விடுங்க. மனசுல எந்தக் கவலையும் வேணாம்…"

செல்போனில் ஆஸ்பத்திரி நர்ஸின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. சிசேரியன் தையல் வலிக்கு மாத்திரையோடு இதுவும் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டெபோரா தோளைத் தளர விட்டாள். கையைத் தளர விட்டாள். கதவு திறந்தது. மாமியார் சாராள் கஞ்சியோடு உள்ளே வந்தாள். அவ்வளவுதான், தளர்ந்ததெல்லாம் மறுபடி விறைத்துக்கொண்டது.

"அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?"

"ம்."

டம்ளரை வைத்தாள். மருமகள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறொருத்தி என்றால் சரி, சுபாவமே அப்படி என்று விட்டுவிடலாம். சாராளா! ஊரப்பாக்கத்தில் அவள் போகிற சர்ச்சில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் வாயைத் திறந்தால் அப்புறம் ஜெபமாவது ஒன்றாவது, ஆளாளுக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். தாயில்லாப் பெண்ணான டெபோராவை மசக்கையில்கூட சிரிக்க வைத்தே சோறு ஊட்டியவள்.

பெண் குழந்தை பிறந்தது. சிரிப்பு நின்றது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

மறுநாள் பொத்தேரியிலிருந்து அக்கா ரோஸி வந்தாள். வந்தவள் பையைக்கூட கீழே வைக்கவில்லை.

"வாசல்ல 'வாம்மா'ன்னாங்க, அதோட சரி. என்னடி இது, உங்க மாமியார் மூஞ்சியை இந்தத் தூக்கு தூக்கி வச்சிருக்காங்க?"

"பொண்ணு பொறந்துடுச்சுல்ல."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அம்மா டயர்டா இருக்காங்கன்னு சொல்றார்."

"நல்லா சொன்னார்! பெத்தவ நீ. டயர்ட் அவங்களுக்கா?"

டெபோராவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "என்னைப் பிடிக்கலைன்னாக்கூட பொறுத்துக்குவேன்க்கா. என் பொண்ணு வேண்டாத பொண்ணா இந்த வீட்டுல வளரக் கூடாது."

அழுதாள். அழுதால் தையல் சுருக்கென்று இழுத்தது. அதற்காக இன்னும் அழுதாள்.

"மூச்சை இழுத்து விடு" என்றாள் ரோஸி.

"பத்து நாளா விடுறேன். மனசுல கவலை இல்லாம இருன்னு சொல்றாங்களே, அது எப்படின்னு அந்த நர்ஸ் சொல்லலையே."

"கிளம்புடி. என் வீட்டுக்கு வந்துடு. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போயிடலாம்."

அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்துப் பக்கத்து அறை வாசலுக்கு வந்தாள் டெபோரா. கதவைத் தட்டக் கையை ஓங்கிய ரோஸி அப்படியே நின்றாள்.

உள்ளே சாராளின் குரல். பாஸ்டரைப் போல இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"…அப்படின்னாருடி நம்ம பாஸ்டர்! எப்படி இருக்கு? சிரிக்க மாட்டியா? உன்கிட்ட சொல்லாம நான் வேற யார்கிட்ட சொல்லுவேன் தங்கம்? உங்கம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்போ, பக்கத்து பெட்டுப் பொண்ணு பாவம் வலியில கிடக்குதேன்னு சும்மா ஒண்ணு சொன்னேன். அவளுக்கும் சிசேரியன். சிரிச்சு சிரிச்சு, தையலைப் பிடிச்சுக்கிட்டுக் கதறிட்டா. சிஸ்டர் வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க, 'அம்மா, உங்க மருமக தையல் ஆறுற வரைக்கும் நீங்க வாயே திறக்காதீங்க'ன்னு."

குழந்தை ஏதோ முனகியது.

"உங்கம்மா முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் நமநமங்குது. அதான் பார்க்காமலே ஓடி வந்துடறேன். காரணத்தையாவது சொல்லிடலாம்னா, அதைக் கேட்டே சிரிச்சுத் தொலைப்பா."

கதவுக்கு வெளியே, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் தளும்ப, டெபோரா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.