துணைக்கு வந்தவள்

"டாக்டரம்மா, இவ வாயைத் திறக்க மாட்டா. நானே சொல்லிடறேன், எழுதிக்குங்க."

மாமியார் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று மாடிக்குக் கலவைச் சட்டி சுமந்து காய்த்துப்போன கை. இழுத்த இழுப்பில் தரை கிறீச்சிட்டது. மருமகள் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?" என்றாள் டாக்டர்.

"பத்து நாளாச்சு, சோத்தைப் பார்த்தாலே தள்ளி வெச்சிடறா. 'நெஞ்சு படபடங்குது அத்தை'ங்கறா. கட்டட வேலை செய்யற உடம்பு. வெறும் வயித்தோட சாரத்துல ஏறினா என்ன ஆகும்? 'மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்டப் போறேன், துணைக்கு வாங்க'ன்னா. என் மகன் சிரிச்சான். 'பைத்தியத்துக்குப் பாக்கற இடமாச்சே அது'ன்னான். 'பல்லு வலிச்சா மட்டும் தாடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடறியே, மனசு வலிச்சா கேவலமாடா?'ன்னு கேட்டேன். இன்னிக்கு வேலையை விட்டுட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"நல்லாக் கேட்டீங்க! வேற என்ன கவனிச்சீங்க?"

"நாலு பேரோட சாப்பிட உட்கார்ந்தா உள்ளங்கை வேர்த்துடும். 'நான் அப்பவே சாப்பிட்டேனே'ன்னு ஒரு பொய். ஆள் இல்லாத நேரம் பார்த்து, நின்ன வாக்குல பானையை வழிச்சு அள்ளி அள்ளிப் போட்டுக்கறது. அதுக்குத் தண்டனையா ரெண்டு நாள் பட்டினி. ஒரு கவளம் வாயில போட்டா தொண்டையில ஜல்லிக்கல்லு மாதிரி நிக்கும். முழுங்கினா செத்துடுவோமோன்னு இருக்கும். துப்பினா, பாடுபட்ட சோத்தைத் துப்பறோமேன்னு அழுகை வரும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு விளக்கமா என்கிட்ட யாரும் சொன்னதில்லைம்மா. ஆனா ஒண்ணு. கை வேர்க்கறதைக் கண்ணால பார்க்கலாம். செத்துடுவோமோன்னு உள்ளுக்குள்ள தோணறது உங்களுக்கு எப்படித் தெரியும்? மருமகள் சொன்னாளா?"

"இல்லை."

"பின்னே?"

சிமென்ட் மூட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறவள், ஒரே ஒரு வார்த்தையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"முப்பது வருஷமாத் தெரியும்" என்றாள் கடைசியில். "எனக்கு... எனக்கு அப்படித்தான்."

மருமகள் எழுந்து ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாடா, சொல்லிட்டீங்களே அத்தை! ஆஸ்பத்திரிச் சீட்டுல முதல்லேர்ந்தே உங்க பேர்தான் இருக்கு, டாக்டருக்கும் தெரியும். எனக்கு ஒரு நோயும் இல்ல, பத்து நாளா நடிச்சதுல பசிதான் உயிர் போகுது!"