கிராதி இருந்த இடம்

பீடத்தின் முன் மக்கள் முழந்தாளிடும் மரக்கிராதியைப் பங்குச்சாமி வலேரியன் பெயர்த்தெடுத்த பிறகு வந்த முதல் ஞாயிறு அது. நற்கருணை அப்பமான நன்மையை வாங்க முதலில் வந்த செசிலியம்மாள் வெறுந்தரையிலேயே முழந்தாளிட்டு, கண்களை மூடி நாக்கை நீட்டினாள்.

"எந்திரிச்சு கையில வாங்குங்கம்மா. இப்ப எல்லாக் கோயில்லயும் அப்படித்தான்."

"மீன் அறுக்குற கை, சாமி. இதுல ஆண்டவர வாங்க மாட்டேன்."

வலேரியன் அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். ஊர்க்கூட்டத்தில் கிராதியை எடுக்கச் சம்மதித்த ரொசாரியோதான் அங்கே நின்றார். சாமியைப் பார்த்தபடியே அவரும் மெல்ல மண்டியிட்டார். பின்னால் வரிசை முழுவதும் முழந்தாளில் இறங்கியது. பாதிப் பாட்டில் பாடகர் குழு நின்றுவிட்டது. வலேரியன் நற்கருணைப் பாத்திரத்தோடு ஓரடி பின்வாங்கினார். நாக்கில் கொடுக்காமல் சாமி வெளியே போய்விடாதபடி யாரோ கோயில் கதவை உள்ளிருந்து சாத்தித் தாழ்போடும் சத்தம் கேட்டது.