பல் பதிந்த இடம்

மூன்றாம் தெரு நாய் வெள்ளச்சியின் குட்டி தண்ணீர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. சக்கரம் ஏறியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஆனால் அன்று மத்தியானமே கட்டைவால் என்ற நாய் தெரு முழுக்கக் குரைத்துக்கொண்டு ஓடியது: "நாலாம் தெருக்காரனுங்க நம்ம குட்டியைக் கடிச்சுக் கொன்னுட்டானுங்க!"

வெள்ளச்சி ஓடிப்போய் மறித்தாள். "ஏன்டா பொய் சொல்றே? லாரிதானே ஏறுச்சு?"

"லாரியோட சண்டை போட முடியுமாக்கா?" என்றது கட்டைவால். "அதுவுமில்லாம, கறிக்கடை இருக்கிறது நாலாம் தெருவிலதானே."

வெள்ளச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. படுத்தாள், எழுந்தாள், வட்டமடித்தாள், மறுபடி படுத்தாள். ஒவ்வொரு நாயாக வந்து, "பல் பதிஞ்ச இடத்தை நானே பார்த்தேன்" என்று அழுதது. சாயங்காலத்துக்குள் அவள் கண்ணுக்குள்ளேயே சக்கரம் மங்கி, பல் தெரிய ஆரம்பித்துவிட்டது. எல்லா நாய்களும் சேர்ந்து படை திரட்டி அவளை முன்னால் நிறுத்தின.

தெருமுக்கில் நாலாம் தெருப் படை காத்திருந்தது. அதன் முன்னாலும் ஒரு தாய் நாய்தான் நின்றாள்.

"என் குட்டியை உங்க ஆளுங்கதானே கடிச்சுக் கொன்னது?" என்று அவள் ஊளையிட்டாள்.

"எப்போ?" என்றாள் வெள்ளச்சி.

"நேத்து. தண்ணி லாரி வர்ற நேரத்துல."

வெள்ளச்சி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. இரண்டு படைகளும் வாலை ஒடுக்கிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி வழி விட்டன.

லாரி போனதும் எதிர்ப்படை மேல் முதலில் பாய்ந்தது வெள்ளச்சிதான்.