முதுகில் படர்ந்த சிவப்பு

கைக்குழந்தை பவதாரிணிக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை சிவப்பு மச்சம் படர்ந்திருந்தது. அதற்குக் கீழே நீலத் திட்டுகள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். முத்துமீனாவும் அவள் கணவன் சிவபாண்டியும் வில்லாபுரத்திலிருந்து காளவாசலுக்கு, தோல் டாக்டரிடம் தூக்கி வந்திருந்தார்கள்.

குழந்தையைக் குப்புறக் கிடத்தி, டாக்டர் சிவப்பின் மேல் விரலை அழுத்தி எடுத்தார். அந்த இடம் வெளுத்து, உடனே சிவந்தது.

"ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கும்மா. அழுத்துனா ரத்தம் விலகும். விட்டா திரும்பிரும்."

அவர் கை கழுவத் திரும்பினார். வீறிட்டு அழுத குழந்தை சட்டென்று அடங்கியது. அதன் முதுகில் ஐந்து விரல்களின் தடம் வெளுத்துத் தெரிந்தது. சிவப்பு திரும்பவில்லை.

"யாரு அழுத்துனது?"

"யாரும் தொடலயே டாக்டர்," என்றாள் முத்துமீனா.

சிவபாண்டி பாய்ந்து பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். வெளுத்த விரல்கள் மெல்லக் கழுத்தை நோக்கி ஏறின.