ஹீரோ அடிச்சா தப்பாகாது

"கோர்ட்டு, கேஸு, வாய்தா எல்லாம் நக்கோ! என் கை ஒண்ணு போதும்!"

டிவியில இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கறதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடியே வசனத்தை முடிச்சிட்டார் அருணாசலம். ஹைதராபாத் பேகம்பேட்டுல ஒரு அபார்ட்மென்ட் செக்ரட்டரி. 'வேண்டாம்'கிறதுக்குப் பதிலா அந்த ஊர் 'நக்கோ' மட்டும் அவரா சேர்த்துக்கிட்டது.

ஞாயித்துக்கிழமையானா எண்பதுகள்ல வந்த போலீஸ் படம் ஒண்ணு ஓடியாகணும். கமிஷனர் மேஜையில தொப்பியை வீசிட்டுப் போற இன்ஸ்பெக்டர். ஆறு குண்டுத் துப்பாக்கியில இருபது தடவை சுடற இன்ஸ்பெக்டர். இவரும் எஸ்.ஐ. ஆகியிருக்க வேண்டியவர்தான். உயரம் அரை அங்குலம் கம்மியாப் போச்சு.

"ஏங்க, அந்தாளு தப்பான ஆளை அடிச்சிட்டா?" பாமா கேட்டாள்.

"ஹீரோ அடிச்சா அவன்தான்டி திருடன். விசாரிக்கிறதெல்லாம் காமெடி போலீஸ் வேலை."

கீழே ஒரே சத்தம். தரைத்தள கனகவல்லி டீச்சரோட செயினைக் காணோமாம். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மூணு மாடியும் இறங்கினார் அருணாசலம்.

"நேத்து வீட்டுக்குள்ள வந்தது யார் யாரு?"

"இஸ்திரித் துணி வாங்கிட்டுப் போக செல்லப்பா வந்தாரு. வைஃபை சரி பண்ண உங்க பையன் ரஞ்சன் வந்தான்."

"அப்போ செல்லப்பாதான்!"

கேஸ் முடிஞ்சுது.

மாடிப்படிக்குக் கீழதான் செல்லப்பாவோட இஸ்திரி மேஜை. பதினோரு வருஷமா. பாமா பாக்கெட்டைப் பார்க்காமலே எல்லாத்தையும் மெஷின்ல போட்டுடுவாள். செல்லப்பா பார்ப்பார். ஊறிப்போன பத்து ரூபா நோட்டைக்கூட இஸ்திரி போட்டு, பேப்பர்ல மடிச்சு, எந்தத் துணியில கிடைச்சுதோ அதுமேலேயே குண்டூசி குத்தி அனுப்புவார்.

"செயின் எங்கய்யா?"

செல்லப்பா சுத்தி நின்ன கூட்டத்தைப் பார்த்தார். "சார், உங்க வீட்டுத் துணி ரெடி. மொதல்ல அதை மேல கொண்டுபோங்க. தனியா ஒரு வார்த்தை..."

"பேரமா? யாருகிட்ட? யாருகிட்டடா?"

பளார்னு விழுந்துது ஒரு அறை. இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்து, கங்கெல்லாம் தரையில சிதறிச்சு.

செல்லப்பா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டார். "துணியைப் பாருங்க சார்." அவ்வளவுதான் சொன்னார்.

"எங்க துணியை இனிமே நீ தொடவே கூடாது! நாளையிலேர்ந்து காம்பவுண்டுக்குள்ள கால் வச்சே, தெரியும் சேதி!"

மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஸ்லோமோஷன்ல படியேறினார். ரெண்டு பேர் கைதட்டினாங்க.

வீட்டுல பாமா மூட்டையைப் பிரிச்சாள். மேலாகவே ரஞ்சனோட ஜீன்ஸ். அதுமேல குண்டூசி குத்தின பேப்பர் பொட்டலம்.

உள்ளே டீச்சரோட செயின்.

டிவியில டிஷ்யூம் டிஷ்யூம்னு சத்தம். அதை நிறுத்த யாருக்கும் தோணலை.

"அதான் தனியா பேசணும்னிருக்கார்ங்க" பாமா பொட்டலத்தை அவர்கிட்ட நீட்டினாள். "அத்தனை பேர் முன்னாடி நம்ம பிள்ளை பேரைச் சொல்லாம அடி வாங்கியிருக்கார்."

அருணாசலம் மகனைப் பார்த்தார். ரஞ்சன் போனைப் பார்த்தான்.

"கைக்கு டாடி, ஏன் அப்படிப் பார்க்கறீங்க? திருப்பிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"கீழ போய் உண்மையைச் சொல்லிட்டு, அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள் பாமா.

செயினை எடுத்துக்கிட்டு இறங்கினார். இந்தத் தடவை ஸ்லோமோஷன் தானா வந்துது, காலே நகரலை.

செல்லப்பா குனிஞ்சு ஒவ்வொரு கரித்துண்டா பொறுக்கிட்டிருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை அருணாசலத்தைப் பார்த்தார்.

அதுக்குள்ள கூட்டம் சூழ்ந்துடுச்சு. "சார், கையில செயின்! எப்படி சார்?"

அருணாசலம் தொண்டையைச் செருமினார். எல்லார் கண்ணும் இவர்மேலதான். படத்துல கடைசி ரீல்ல ஹீரோவைப் பார்ப்பாங்களே, அதே மாதிரி.

"என் வீட்டுத் துணிக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கான் டீச்சர். ஒரே அறை! துணியைப் பாருங்கன்னு அவன் வாயாலேயே சொல்ல வச்சேன் பார்த்தீங்களா?"

செல்லப்பா மறுபடி குனிஞ்சுக்கிட்டார்.

கூட்டம் கைதட்டிச்சு. மூணாவது மாடி பால்கனியிலேர்ந்து ஒரு விசில் பறந்துது.

ரஞ்சன்தான்.