மூடிக்குள் ஒட்டிய ஸ்டிக்கர்

மெக்கானிக் டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றி டார்ச் அடிக்கிறார். ஆறிக்கொண்டிருக்கும் இன்ஜின் டிக் டிக்கென்கிறது. பெல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மூடியின் உட்புறம் எண்ணெய் படிந்த ஸ்டிக்கர் ஒன்று, ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் பெல்ட் மாற்றியதாகச் சொல்கிறது. மனைவியோடு வந்திருக்கும் கார்க்காரன் எட்டி மீட்டரைப் பார்க்கிறான். தொண்ணூறாயிரம்தான். மறுபடி ஸ்டிக்கர், மறுபடி மீட்டர். வண்டி இன்னும் ஓடாத தூரத்தில் எப்படி மாற்றியிருப்பார்கள்? மீட்டர் பொய் என்றால், இந்த பெல்ட் இதுவரை எவ்வளவு ஓடியதோ. "அறுந்தா இன்ஜினே காலி. மாத்தவா, மூடிடவா?" என்கிறார் மெக்கானிக். மனைவியின் தம்பி சல்லிசாகத் தந்த டீசல் கார். மாற்றச் சொன்னால் மீட்டரைத் திருப்பியது மச்சான்தான் என்று அவள் எதிரிலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். விட்டால் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது? அவன் மனைவியைப் பார்க்கிறான். அவள் குனிந்து, நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். "மாத்திடுங்க," என்கிறாள் நிமிராமல். "தம்பிகிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்."